தகர ஆளுக்குக் கூலி உண்டா?

கேள்வியை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். ஒரு பெரிய கதையில் ஒருத்தனுக்கு அநியாயம் நடக்கிறது. உலகமே உட்கார்ந்து அந்தக் கதையைப் பார்க்கிறது. பல வருசம் கழித்து அதே கதையிலிருந்து கிளை பிரிந்த ஒரு சின்னப் புத்தகத்தில் அவனுக்கு நியாயம் செய்கிறார்கள். அதைச் சில ஆயிரம் பேர் படிக்கிறார்கள். அவனுக்கு நியாயம் கிடைத்துவிட்டதா? மையத்தில் நடந்த அவமானத்துக்கு விளிம்பில் செய்த பரிகாரம் போதுமா?

நான் சொல்ல வருவது ஸ்டார் வார்ஸ் கதை. ‘இந்தப் பத்திரிகையில் இதுக்கு என்ன சோலி’ என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். நம்ம பிள்ளைகள் டீசட்டையில் அந்தக் கறுப்பு முகமூடிக்காரன் படத்தைப் போட்டுக்கொண்டு ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார்கள். அவர்கள் உடம்பில் ஏறியதைப் பற்றி நாம் பேசாமல் வேறு யார் பேசுவது?

படம் தெரியாதவர்களுக்கு நாலு வரி. 1977இல் ஜார்ஜ் லூகாஸ் எடுத்த அமெரிக்கப் படம் அது. விண்வெளியில் ஒரு சாம்ராஜ்யம், அதை எதிர்த்து ஒரு கலகக் கூட்டம், ஒரு இளவரசி, ஒரு குடியானவ வீட்டுப் பையன், ஒரு கடத்தல்காரன். கலகக்காரர்கள் ஜெயிக்கிறார்கள். லூகாஸ் முதலில் எடுக்க ஆசைப்பட்டது 1934இல் தொடங்கிய ‘ஃப்ளாஷ் கார்டன்’ என்ற படக்கதையைத்தான். உரிமை கிடைக்கவில்லை, அதனால் சொந்தமாக ஒரு கதை செய்தார். ஆக, காமிக்ஸ் வயிற்றிலிருந்து பிறந்த படம். அது திரும்பவும் காமிக்ஸ் ஆனது. படம் தியேட்டருக்கு வருவதற்கு முன்பே மார்வெல் கம்பெனி அதன் படக்கதையைக் கடைக்கு அனுப்பிவிட்டது. ராய் தாமஸ் எழுத்து, ஹோவர்ட் சேக்கின் சித்திரம். முதல் ஆறு இதழ்களில் படத்தின் கதையை முடித்துவிட்டு, பிறகு தானாகவே கதை கட்டிக்கொண்டு 1986 வரை 107 இதழ்கள் ஓட்டினார்கள்.

இது விடுதலைக் கதை என்றுதான் பேர். ஆனால் விடுதலைக் கதைக்குள் ஒரு டீக்கடை இருக்கிறது.

டீக்கடை என்றால் சாராயக்கடைதான். கதாநாயகப் பையனும் கிழவரும் இரண்டு எந்திர ஆட்களைக் கூட்டிக்கொண்டு உள்ளே போகிறார்கள். உள்ளே பார்த்தால் கொம்பு வைத்தவன், மூக்கு நீண்டவன், ஈ மூஞ்சிக்காரன், பல்லி மூஞ்சிக்காரன் என்று அண்டத்தில் உள்ள அத்தனை இனமும் ஒன்றாக உட்கார்ந்து குடித்துக்கொண்டிருக்கிறது. கொலைகாரன்கூட உட்கார்ந்திருக்கிறான். கடைக்காரன் அந்த எந்திர ஆட்களைப் பார்த்ததும் இவங்களுக்கெல்லாம் இங்கே இடமில்லை, வெளியே நிக்கச் சொல்லு என்கிறான். பையன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எந்திர ஆட்களிடம் திரும்பி, வண்டிகிட்ட நில்லுங்க, நமக்கு வம்பு வேண்டாம் என்கிறான். அந்தப் பொன்னிறத் தகர ஆள் அதை அப்படியே ஒப்புக்கொண்டு மரியாதையாக வெளியே போகிறது.

இந்தக் காட்சியை நம்ம பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அமெரிக்காக்காரனுக்கு அங்கே கறுப்பர்களைச் சேர்க்காத ஓட்டல்கள் ஞாபகம் வரலாம். எனக்கு ஞாபகம் வருவது ஆணியில் தொங்கிய சிரட்டையும் கடைக்கு வெளியே தனியாக வைத்திருந்த கிளாசும். எங்க அப்பா தலைமுறை அதில் குடித்திருக்கிறது. ‘வம்பு வேண்டாம்’ என்ற அந்த வார்த்தையும் எங்களுக்குப் பழக்கம். நம்மோடு தோள்போட்டு நடக்கிற முற்போக்கு நண்பன், டீக்கடை வாசல் வந்ததும் குரலைத் தாழ்த்திச் சொல்கிற வார்த்தை அது.

இங்கே அம்பேத்கரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அடிமையும் தீண்டப்படாதவனும் ஒன்றல்ல என்று பாபாசாகேப் எழுதினார். அடிமை ஆண்டானின் சொத்து. சொத்து கெட்டுப்போனால் ஆண்டானுக்கு நட்டம், அதனால் சோறு போடுவான், சீக்கு வந்தால் மருந்து கொடுப்பான். தீண்டப்படாதவன் யாருடைய சொத்தும் இல்லை. செத்தால் யாருக்கும் நட்டமில்லை. ஆகவே தீண்டாமை அடிமை முறையைவிடக் கொடியது என்பது அவர் வாதம். இதை வைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பாருங்கள். தகர ஆளைச் சந்தையில் விற்கிறார்கள். பையனின் மாமா பேரம் பேசி வாங்குகிறார். ஓடிவிடாமல் இருக்க நெஞ்சில் ஒரு ஆணி மாட்டியிருக்கிறார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் எண்ணெய்க் குளியல் நடக்கிறது. சொத்து அல்லவா, துருப்பிடிக்கக் கூடாது. நாளைக்கு அதன் ஞாபகத்தை அழித்துவிடு, இனி அது நம்முடையது என்கிறார் மாமா. இது அடிமை முறை. அதே தகர ஆளைக் கடைக்குள் விடாதது தீண்டாமை. அமெரிக்கக் கற்பனை இரண்டையும் ஒரே உடம்பில் ஏற்றிவைத்திருக்கிறது. எண்ணெயும் உண்டு, வாசலும் உண்டு.

ஞாபகத்தை அழிக்கிற விசயம் என்னை விடமாட்டேன் என்கிறது. 2005இல் வந்த படத்தில் அதைச் செய்தும் காட்டிவிட்டார்கள். நல்லவர்கள் பக்கத்துத் தலைவர் ஒருவர், போகிற போக்கில், அந்தப் பொன்னிற ஆளின் ஞாபகத்தைத் துடைத்துவிடச் சொல்கிறார். அதுவரை அது பார்த்த துரோகம், சாவு, சிநேகம் எல்லாம் போயிற்று. அந்த இடத்தில் தியேட்டரில் சிரிப்பு வரும்படி எடுத்திருக்கிறார்கள். ஒரு சனத்தின் ஞாபகத்தைத் துடைத்துவிட்டு அவர்களைக் கலகலப்பான வேலைக்காரர்களாக வைத்துக்கொள்வது எவ்வளவு வசதி! நம்ம சாமிகளின் கதைகளுக்கும் இதுதான் நடந்தது. மதுரை வீரனைச் சக்கிலியர் வீட்டுப் பிள்ளையாகக் கும்பிடுகிற சனம் இருக்க, அவன் பிறப்பால் ராசா மகன், வளர்ந்தது மட்டும்தான் செருப்புத் தைக்கிற வீட்டில் என்று சொல்லும் கதைதான் 1956இல் எம்.ஜி.ஆர். நடித்து ஊரெல்லாம் ஓடியது.

நாங்கள் காலனியில் நடத்துகிற ராத்திரிப் பள்ளியில் ஒரு நாள் இந்த டீக்கடைக் காட்சியைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் தறிக்குப் போகிற பெண்களின் பிள்ளைகள்தான் பாதிப் பேர். ஏழாவது படிக்கிற ஒரு பிள்ளை எழுந்து, “அக்கா, அந்தத் தகர ஆளுக்குக் கூலி உண்டா?” என்று கேட்டது. நான் இல்லை என்றேன். “அப்போ ராத்திரி எங்க படுக்கும்?” என்றது இன்னொன்று. இந்தப் படங்களைப் பற்றி இங்கிலீசில் மலைமலையாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு இந்த இரண்டு கேள்விக்கு மேல் எதுவும் பெரிதாகப் படவில்லை.

சரி, பதக்கத்துக்கு வருவோம். 1977 படத்தின் கடைசிக் காட்சி. கலகக்காரர்கள் எதிரியின் கோட்டையைத் தகர்த்துவிட்டார்கள். பெரிய மண்டபம், வரிசையாகச் சிப்பாய்கள். மூன்று பேர் நடந்து வருகிறார்கள்: பையன், கடத்தல்காரன், அவனோடு கப்பல் ஓட்டுகிற சூபாக்கா. சூபாக்கா வூக்கி என்ற இனம், ஏழடிக்கு மேல் உயரம், உடம்பு பூரா மயிர். அது பேசும், கூட இருப்பவனுக்குப் புரியும், நமக்கு மட்டும் உறுமலாகக் கேட்கும். எழுத்திலும் போட மாட்டார்கள். இளவரசி பையன் கழுத்தில் பதக்கம் போடுகிறாள், கடத்தல்காரன் கழுத்திலும் போடுகிறாள். சூபாக்காவுக்கு இல்லை. அதே கப்பலில் அதே உயிரைப் பணயம் வைத்துப் போனதுதான் அதுவும். கேட்டவர்களுக்கு ஒரு சமாதானம் சொல்லப்பட்டது: வூக்கிகள் பதக்கத்தையெல்லாம் பெரிசா மதிக்க மாட்டாங்க என்று. ஆகா! ‘அவங்களுக்கு இதெல்லாம் பழக்கமில்லைங்க’, ‘அவங்க எதிர்பார்க்க மாட்டாங்க’, ‘தரையில உக்காந்தாத்தான் அவங்களுக்குச் சௌகரியம்’. இந்த வசனம் எந்த நட்சத்திரத்தில் பேசினாலும் எங்க ஊர் வசனம்தான்.

இப்போது கிளைக்கதை. 2015இல் மார்வெல் ‘சூபாக்கா’ என்று ஐந்து இதழ் காமிக்ஸ் கொண்டுவந்தது. எழுதியவர் ஜெரி டுக்கன், வரைந்தவர் ஃபில் நோட்டோ. சென்னையில் படிக்கிற தம்பி ஒருவன் கொண்டுவந்து கொடுத்துப் படித்தேன். அந்தப் போர் முடிந்த பிறகு சூபாக்கா தனியாக ஒரு கிரகத்தில் மாட்டிக்கொள்கிறது. அங்கே ஒரு சிறுமி. ஒரு ரவுடிக் கூட்டம் அந்த ஊர்ச் சனத்தை அடிமையாக்கிச் சுரங்கத்துக்குள் விட்டிருக்கிறது. சூபாக்காவே ஒரு காலத்தில் விலங்கு மாட்டப்பட்டிருந்த ஆள். நமக்கென்ன என்று போக அதனால் முடியவில்லை. சனத்தை மீட்கிறார்கள். கடைசியில் சூபாக்கா ஒரு பதக்கத்தை எடுத்து அந்தச் சிறுமிக்குக் கொடுத்துவிட்டுப் போகிறது. அது அந்தப் போருக்கான பதக்கம். ஆக, அதற்கும் பதக்கம் கிடைத்திருக்கிறது, நாம்தான் பார்க்கவில்லை! கிடைத்ததையும் அது கழுத்தில் மாட்டிக்கொண்டு திரியாமல் ஒரு அடிமைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டது.

படித்தபோது தொண்டை அடைத்தது உண்மை. ஐந்து இதழிலும் சூபாக்கா பேசுவதற்கு மொழிபெயர்ப்புப் போடவில்லை, உறுமல் உறுமலாகவே இருக்கிறது. அந்தச் சிறுமி அதைப் புரிந்துகொள்கிற விதத்தை ஓவியத்திலேயே கொண்டுவந்திருக்கிறார்கள். நல்ல வேலை. ஆனாலும் புத்தகத்தை மூடியதும் முதலில் கேட்ட கேள்வி எழுந்து நிற்கிறது. பதக்கம் கொடுக்காததை மண்டபம் நிறையப் பேர் பார்த்தார்கள். கொடுத்ததை யார் பார்த்தார்கள்? அவமானம் சபையில், மரியாதை சந்தில். போலீஸ் ஸ்டேசனில் வைத்துச் சமரசம் பேசுகிறவர்கள் இதைத்தானே சொல்வார்கள், ‘தனியா வந்து மன்னிப்புக் கேட்டுருவாரு, விட்ருங்க’ என்று?

இன்னொன்றும் இருக்கிறது. மார்வெல்லை டிஸ்னி 2009இல் வாங்கியது. லூகாஸின் கம்பெனியை 2012இல் வாங்கியது, 400 கோடி டாலருக்கு மேல். 2014 ஏப்ரலில் ஒரு அறிவிப்பு வந்தது: அதுவரை வந்த காமிக்ஸ், நாவல் எல்லாம் இனிமேல் ‘பழங்கதை’, நடந்ததாகக் கணக்கில்லை, இனி வருவது மட்டுமே மெய்க்கதை. முப்பது வருசத்துக்கு மேலாக எத்தனையோ பேர் எழுதியதை ஒரு அறிவிப்பில் ஓரமாகத் தள்ள முடிகிறது. எது நடந்தது, எது நடக்கவில்லை என்று தீர்மானிக்கிற அதிகாரம் பத்திரம் வைத்திருப்பவனுக்கு. ‘சூபாக்கா’ காமிக்ஸ் அந்த அறிவிப்புக்குப் பிறகு வந்ததால் மெய்க்கதைக் கணக்கில் சேரும். அப்படியும் 2019இல் வந்த படத்தில், 42 வருசம் கழித்து, சூபாக்கா கையில் ஒரு பதக்கத்தைக் கொடுத்தபோது ரசிகர்கள் ‘அப்பாடா, இப்பவாவது கொடுத்தாங்களே’ என்றுதான் மூச்சுவிட்டார்கள். காமிக்ஸில் கொடுத்தது செல்லுபடியாகவில்லை என்றுதானே அர்த்தம்?

தமிழ் எம்.ஏ. படித்த தோசம், எனக்கு இங்கே நன்னூல் ஞாபகத்துக்கு வருகிறது. நூல் மூன்று வகை: முதல்நூல், வழிநூல், சார்புநூல். தொல்காப்பியம் முதலும் வழியும் மட்டும் சொல்கிறது. முதல்நூல் செய்தவன் வினையின் நீங்கிய முனைவன். மற்றவர்கள் அவன் போட்ட தடத்தில் நடக்க வேண்டியவர்கள். வகுப்பில் இதை வெறும் இலக்கணமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். படிநிலை நூலுக்குள்ளேயே இருப்பதை யாரும் சொல்லவில்லை.

தமிழில் சார்புநூல் முதல்நூலை மிஞ்சிய கதையும் உண்டு. சிலப்பதிகாரத்தின் ஓரத்தில் கிடந்த கணிகை மகளை எடுத்து நடுவில் வைத்தார் சாத்தனார். அவள் கையில் அமுதசுரபி கொடுத்தார், சிறைச்சாலையை அறச்சாலை ஆக்கவைத்தார். இது நம்ம தரப்புச் சான்று. எதிர்த்தரப்புச் சான்றும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. பெரியபுராணத்து நந்தனாருக்கு ஆண்டை கிடையாது. தில்லைக்குப் போக முடியாததற்குக் காரணம் அவர் மனசிலேயே இருக்கிற தயக்கம்தான் என்பது போல் சேக்கிழார் பாடிவிட்டுப் போய்விட்டார். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி சரித்திரக் கீர்த்தனை எழுதும்போதுதான் வேதியர் ஆண்டை வருகிறார், பண்ணை வருகிறது, விடமாட்டேன் என்கிற அதட்டல் வருகிறது. மூலத்தில் இல்லாததை எழுதிவிட்டார் என்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சிறப்புப் பாயிரம் தரத் தயங்கினார். ஆக, மூலம் மறைத்த உண்மையை வழிநூல் சொல்லிவிட்டது. பண்ணையடிமை முறை அதில்தான் தெரிகிறது. ஆனால் முடிவு? தீதான். ஆண்டையைப் புதிதாகக் கொண்டுவர முடிந்தவருக்கு, நெருப்பில் இறங்காமல் நேராகக் கோயிலுக்குள் போகிற ஒரு நந்தனைக் கொண்டுவர முடியவில்லை. காயத்தைக் காட்டலாம், முடிவில் கை வைக்கக் கூடாது. கிளைக்கதைக்கு விதித்திருக்கிற எல்லை அதுதான் போலிருக்கிறது.

எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு வெகு தூரம் போக வேண்டாம். 2018 ஜனவரியில் ராஜபாளையத்தில் ஒரு மேடையில் வைரமுத்து ஆண்டாளைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். ஆண்டாள் தேவதாசி மரபில் வந்தவர் என்று ஒரு ஆய்வாளர் எழுதியதை மேற்கோள் காட்டினார். அவ்வளவுதான், ஸ்ரீவில்லிபுத்தூர் கொதித்தது. ஜீயர் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். அந்த மேற்கோள் வரலாற்றில் நிற்குமா என்பது வேறு விவாதம், அதற்குள் நான் போகவில்லை. எனக்குப் பட்டது இது: துளசிச் செடியடியில் கண்டெடுத்த பிள்ளை என்றால் யார் பெற்றது என்று யாரும் கேட்பதில்லை. எடுத்து வளர்த்தவர் கை அப்படிப்பட்ட கை. தாசி வீட்டுப் பிள்ளை என்று ஒரு சொல் விழுந்தால் மட்டும் அது பழிச்சொல் ஆகிவிடுகிறது. தாசி என்பது ஏசுகிற வார்த்தையாக இருப்பது யார் செய்த வேலை? அந்தப் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டியது யார்? உண்ணாவிரதப் பந்தலில் இந்தக் கேள்விக்கு இடமில்லை.

பதக்கத்தைப் பற்றி எழுதும்போது எனக்கு உள்ளே ஓடிக்கொண்டிருப்பது ஒரு பஸ். 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாக வைத்து ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு வைத்தது. கட்டபொம்மனின் தளபதி, தேவேந்திரர். அதற்கு முன்னால் எத்தனையோ தலைவர்கள் பேரில் மாவட்டமும் பஸ்ஸும் ஓடின, யாருக்கும் வலிக்கவில்லை. இந்தப் பேர் போட்ட பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள். எங்க பக்கமெல்லாம் கலவரம், வெட்டுக்குத்து, தீவைப்பு. அரசு என்ன செய்தது? அந்த வருசமே மாவட்டங்கள், போக்குவரத்துக் கழகங்கள் எல்லாவற்றிலிருந்தும் எல்லாத் தலைவர்கள் பேரையும் எடுத்துவிட்டது. எல்லாருக்கும் சமம்! அந்த மண்டபத்தில் சூபாக்காவுக்குப் பதக்கம் கொடுக்கப்போய் சிப்பாய்கள் வாளை உருவியிருந்தால், இளவரசி மற்ற இரண்டு பேர் கழுத்திலிருந்தும் கழற்றியிருப்பாள். இனி யாருக்கும் பதக்கமில்லை என்று சபையைக் கலைத்திருப்பாள். இதற்குப் பேர் நடுநிலைமை. எனக்கு அப்போது விவரம் தெரியாத வயசு, பெரியவர்கள் ராத்திரியில் தூங்காமல் உட்கார்ந்திருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர்த் தோழர் ஒருவரோடு இதைப் பற்றிக் கோர்ட்டுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டே சண்டை போட்டேன். அவர் வக்கீல். “ஏம்மா, வன்கொடுமை வழக்குல சாட்சி பல்டி அடிக்கிறான், நீ ரோபோவுக்கு நியாயம் கேக்குற” என்றார். நியாயமான கோபம். ஆனால் சாட்சி ஏன் பல்டி அடிக்கிறான்? ‘வம்பு வேண்டாம்’ என்று அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? அரசாங்கம் மட்டுமா? அவன் பார்த்த நூறு கதையில் நூறிலும் வெளியே நிற்கச் சொன்னவுடன் நிற்கிறவன்தான் நல்லவன். எதிர்த்துக் கேட்ட தகர ஆளும் ஒன்று வந்தது, 2018 படத்தில். பெண் குரல். எந்திரங்களுக்குச் சம உரிமை வேண்டும் என்று கேட்கும், சுரங்கத்தில் ஒரு கலகத்தையே மூட்டிவிடும். அதை என்ன செய்தார்கள்? படம் பூரா அதைக் கேலிப் பொருளாக்கினார்கள், பாதியில் சாகடித்தார்கள், அதன் மூளையை எடுத்துக் கதாநாயகன் ஓட்டப்போகிற கப்பலில் பொருத்திவிட்டார்கள். கேட்கவும் இல்லை. உரிமை கேட்டவளே இப்போது வண்டியின் உதிரி பாகம். தோழர் இதைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அந்தப் படம் பேர் என்ன?” என்றார்.

நம்ம ஜில்லாவுக்கும் காமிக்ஸுக்கும் உள்ள உறவை மறந்துவிடக் கூடாது. தமிழ் காமிக்ஸின் தாய்வீடு சிவகாசி. 1972இல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு முத்து காமிக்ஸ் தொடங்கியது, 1984இல் லயன் காமிக்ஸ். பட்டாசும் தீப்பெட்டியும் காலண்டரும் கிளம்புகிற அதே ஊரிலிருந்து டெக்ஸ் வில்லர் குதிரையில் கிளம்பினார். ராஜபாளையம் பழைய புத்தகக் கடைகளில் அட்டை போன காமிக்ஸைப் பாதி விலைக்கு வாங்கித்தான் நான் எழுத்துக்கூட்டி வேகமாகப் படிக்கவே பழகினேன். அந்தக் கடனை மறுக்கமாட்டேன். ஆனால் அவற்றில் யார் யாராக இருந்தார்கள் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். காட்டுக்குள் கறுப்பு மக்களுக்கு நீதி சொல்ல ஒரு வெள்ளைக்காரர், முகமூடியோடு, தலைமுறை தலைமுறையாக. மந்திரவாதி மாண்ட்ரேக் பக்கத்தில் லொதார். ஆப்பிரிக்காவில் இளவரசனாக இருந்தவனாம், எல்லாத்தையும் விட்டுவிட்டு மாண்ட்ரேக்குக்குத் துணையாக வந்துவிட்டானாம். 1934இலிருந்து முப்பது வருசம் சிறுத்தைத்தோலைச் சுற்றிக்கொண்டு நின்றான். அறுபதுகளின் நடுவில்தான் அவனுக்குச் சட்டை போட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் கறுப்பர்கள் தெருவில் இறங்கிப் போராடிய காலம் அது. சட்டை கதைக்குள்ளிருந்து வரவில்லை, தெருவிலிருந்து வந்தது.

ஆகவே என் கட்சி இதுதான். கிளைக்கதையில் கிடைக்கிற நியாயம் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. மண்டபத்தில் நடந்தது தப்பு என்பதற்கு அது ஒரு வாக்குமூலம். ஆனால் மூலமும் கிளையும் ஒரே முதலாளியின் கையில் இருக்கும்போது, காயத்தைத் தியேட்டரில் விற்கிறான், களிம்பைப் புத்தகக் கடையில் விற்கிறான், ஒரு இதழ் நாலு டாலர். வலித்தவனே எழுதுகிற கிளைக்கதை வேறு. அதற்கு மூலத்தின் அனுமதி தேவையில்லை, முடிவையும் அது மாற்றலாம்.

2011இல் நவயானா வெளியிட்ட ‘பீமாயணா’ அப்படிப்பட்டது. அம்பேத்கருக்குத் தண்ணீர் மறுத்த கதையை, தங்க இடம் மறுத்த கதையைத் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற கோண்டு ஓவியர்கள் வரைந்திருக்கிறார்கள். பக்கத்தைக் கட்டம் கட்டமாக அடைக்க அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. மனுசர்களைக் கட்டத்துக்குள் அடைக்கமாட்டோம் என்றார்கள். பேச்சுக் குமிழிகளையும் மாற்றினார்கள். அன்பாகப் பேசுகிறவன் பேச்சு பறவை வடிவத்தில் இருக்கும். சாதிச்சொல் பேசுகிறவன் பேச்சுக்கு வால் தேள்கொடுக்கு.

அதைக் காட்டிவிட்டுத்தான் ராத்திரிப் பள்ளிப் பிள்ளைகளிடம் அந்தக் கடைக் காட்சியை வரையச் சொன்னேன். கடைக்காரன் பேச்சுக்கு எல்லாரும் தேள்கொடுக்குப் போட்டுவிட்டார்கள், அதில் தகராறு இல்லை. ‘வம்பு வேண்டாம், வெளியே நில்லுங்க’ என்று சொன்ன கதாநாயகன் பேச்சுக்குப் பறவையா தேளா என்பதில்தான் சண்டை. கூலி உண்டா என்று கேட்ட பிள்ளை தேள் என்கிறது. இரண்டு பையன்கள் பறவை என்கிறார்கள், அவன் கூட்டாளிதானே என்று. போன வாரம் வரை முடியவில்லை.